ஆங்கில நிபந்தனைத் தொடர்களில் காற்புள்ளி: எல்லையும் ஆட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனைத் தொடர் முன்னே வந்தால் அதன்பின் காற்புள்ளி இடவேண்டும்; பின்னே வந்தால் பொதுவாக இடவேண்டியதில்லை. பள்ளிப் பருவத்திலிருந்தே கற்பிக்கப்படும் இவ்விதி சரியானது. ஆனால் அதற்குக் காரணமாகக் கூறப்படும் ‘மூச்சு நிறுத்தம்’ என்னும் விளக்கம் போதுமானதன்று. ஆங்கில நிபந்தனைச் சொல் தொடரின் தொடக்கத்தைக் காட்டுகிறது, தமிழ் நிபந்தனை எச்சம் தொடரின் முடிவைக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டிலிருந்து ஆங்கிலக் காற்புள்ளி விதியை விளக்குவதும், பின்வரும் நிபந்தனைக்கு முன் இடப்படும் காற்புள்ளி பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கனடா நாட்டு ஒப்பந்த வழக்கொன்றின்வழிக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: நிபந்தனைத் தொடர், காற்புள்ளி, செயின் என்னும் வாய்பாடு, தொடர் எல்லை, நிபந்தனையின் ஆட்சி, மொழிபெயர்ப்பு

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் இன்று பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கத்துடன் வெளிவருகின்றன. தமிழறியாத ஆய்வாளர் ஒருவர் அக்கட்டுரையில் படிக்கக்கூடிய பகுதி அச்சுருக்கம் மட்டுமே. ஆய்வுமொழியோ இயல்பாகவே நிபந்தனை மிகுந்தது. இன்ன சான்று ஏற்கப்பட்டால் இன்ன முடிவு பெறப்படும், வேறு சான்று கிடைத்தாலன்றி இக்கருத்தை மாற்ற இயலாது என்றாற்போலவே ஆய்வு முடிவுகள் அமைகின்றன. எந்த முடிவு எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதைக் காட்டத் தவறும் சுருக்கம், ஆய்வாளர் ஐயத்துடன் கூறியதை உறுதியாகக் கூறியதாகவும், உறுதியாகக் கூறியதை ஐயமாகவும் ஆக்கிவிடும். இதில் சொல் தேர்வுக்கு உள்ள பங்கு பலரும் அறிந்தது. காற்புள்ளிக்கு உள்ள பங்கு அந்த அளவிற்குக் கவனிக்கப்படுவதில்லை.

இக்கட்டுரையில் ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. ‘இஃப்’, ‘அன்லெஸ்’ ஆகிய இரு சொற்களால் தொடங்கும் தொடர்களே முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

மூச்சும் புள்ளியும்

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்னும் தமிழ்ப் பெயர்கள் அளவைப் பெயர்கள். கால், அரை, முக்கால், முழுமை என்னும் வரிசையில் அவை அமைந்துள்ளன. முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மாத்திரை நேரம் நிறுத்திப் படிக்கவேண்டும் என்று பள்ளி இலக்கண நூல்கள் கற்பிக்கின்றன. ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. ஐரோப்பியர் தொடர்பாலும் அச்சு நூல்களாலும் இவை தமிழுக்கு வந்தன. ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் இவற்றைக் கையாண்டு நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

குறிகளோடு அவற்றைப் பற்றிய கொள்கையும் வந்து சேர்ந்தது. 1762இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கணத்தில் இராபர்ட் லௌத் நிறுத்தக்குறிகளை இசைக்குறியீட்டின் கால அளவுகளோடு ஒப்பிட்டார். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம், காற்புள்ளியைவிட அரைப்புள்ளிக்கு இருமடங்கு, அதைவிட முக்காற்புள்ளிக்கு இருமடங்கு, அதைவிட முற்றுப்புள்ளிக்கு இருமடங்கு நேரம் என்று வகுத்தது. மரேயின் அளவு 1, 2, 4, 8 எனப் பெருகுகிறது. தமிழ்ப் பாடநூலின் அளவு 1, 2, 3, 4 எனக் கூடுகிறது. அளவு வேறாயினும் கொள்கை ஒன்றே. புள்ளி என்பது வாய்விட்டுப் படிப்பவனுக்கு எழுதுவோன் தரும் குறிப்பு என்பதே அது.

ஆங்கிலம் அக்கொள்கையிலிருந்து விலகி நெடுங்காலமாயிற்று. இன்றைய ஆங்கிலக் காற்புள்ளி தொடரமைப்பைக் காட்டும் குறி. ‘தி மேனுஸ்கிரிப்ட்ஸ் பிரிசர்வ்டு இன் தி ஓல்டு லைப்ரரி ஆர் அன்டேட்டட்’ என்னும் வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பவர் ‘லைப்ரரி’ என்னும் சொல்லுக்குப் பின் சற்று நிறுத்துவர். ஆனால் அங்கே காற்புள்ளி இடுவது பிழை. எழுவாயையும் பயனிலையையும் அது பிரித்துவிடும். நிறுத்தம் உண்டு, புள்ளி இல்லை. இவ்வாறே, புள்ளி உள்ள இடங்களில் நிறுத்தம் இல்லாமற் போவதும் உண்டு. எனவே ‘மூச்சு நிற்கும் இடத்தில் காற்புள்ளி’ என்று கற்ற மாணவர், நிபந்தனைத் தொடரில் முன்னே வேண்டிய புள்ளியை விட்டுவிடுவதும் பின்னே வேண்டாத புள்ளியை இடுவதும் இயல்பே. அவருக்குக் கற்பிக்கப்பட்ட காரணம் அவ்விதியைத் தாங்கக்கூடியதாக இல்லை.

தொடக்கத்தைக் காட்டும் மொழியும் முடிவைக் காட்டும் மொழியும்

தொல்காப்பிய வினையியல் வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகச் ‘செயின்’ என்பதைக் கூறுகிறது. நன்னூல் அதனை எதிர்கால எச்சங்களோடு வைக்கிறது. ‘வரின்’, ‘காணின்’ என்னும் பழைய வடிவங்களின் இடத்தில் இன்று ‘வந்தால்’, ‘கண்டால்’ என்பன பெருவழக்காக உள்ளன. பழைய வடிவாயினும் புதிய வடிவாயினும் நிபந்தனையைக் காட்டும் உறுப்பு வினையின் இறுதியில் நிற்கிறது. வினை தொடரின் இறுதியில் நிற்கிறது. ஆகவே ‘ஆல்’ என்று முடிந்தவுடன் நிபந்தனையும் முடிந்தது என்று படிப்பவர் அறிவார். ஆனால் அந்நிபந்தனை எங்கே தொடங்கியது என்பதைக் காட்டும் கட்டாயக் குறி தமிழில் இல்லை. ‘ஒருவேளை’ என்னும் சொல்லை முன்னே பெய்து காட்டலாம். அது வேண்டுவோர் இடுவது.

ஆங்கிலம் இதற்கு நேர்மாறானது. ‘இஃப்’ என்னும் சொல் நிபந்தனையின் வாயிலில் நிற்கிறது. தொடக்கம் ஐயமின்றித் தெரிகிறது, முடிவு தெரிவதில்லை. ‘தென்’ என்னும் சொல்லைப் பெய்து முதன்மைத் தொடரின் தொடக்கத்தைக் காட்டலாம். அதுவும் வேண்டுவோர் இடுவதே. பின்வரும் வாக்கியம் காற்புள்ளியின்றி எழுதப்பட்டுள்ளது:

‘இஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ரீட் தி புக் வில் பி ரீபிரிண்டட்.’

மாணவர்கள் படித்தால் அந்நூல் மறுபதிப்புப் பெறும் என்பது கருத்து. ஆனால் படிப்பவர் ‘ரீட் தி புக்’ என்பதை ஒன்றாகச் சேர்த்து ‘மாணவர்கள் அந்நூலைப் படித்தால்’ என்று கொண்டு, ‘வில் பி’ என்னும் சொற்களை அடைந்ததும் எழுவாய் இல்லாமல் திகைத்துத் திரும்பி வருவார். ‘ரீட்’ என்பதன்பின் ஒரு காற்புள்ளி இருந்தால் இவ்விடர்ப்பாடு இல்லை. இதே கருத்தைத் தமிழில் ‘மாணவர்கள் படித்தால் அந்நூல் மறுபதிப்புப் பெறும்’ என்று எழுதும்போது புள்ளி இல்லாமலேயே பொருள் தெளிவாகிறது. ஆங்கிலத்தில் காற்புள்ளி செய்யும் பணியைத் தமிழில் ‘ஆல்’ செய்துவிடுகிறது.

விதியின் இரு பகுதிகளுக்கும் காரணம் இங்கே கிடைக்கிறது. நிபந்தனை முன்னே வரும்போது தொடக்கத்தை ‘இஃப்’ காட்டுகிறது, முடிவைக் காற்புள்ளி காட்டவேண்டியுள்ளது. நிபந்தனை பின்னே வரும்போது தொடக்கத்தை ‘இஃப்’ காட்டுகிறது, முடிவை முற்றுப்புள்ளி காட்டிவிடுகிறது. ‘தி தியரி ஃபெயில்ஸ் இஃப் தி டேட் இஸ் ராங்’ என்பதில் காற்புள்ளிக்கு வேலையில்லை. தமிழ் மாணவர் முன்வரும் நிபந்தனைக்குப் பின் புள்ளி இட மறப்பதைக் கவனக்குறைவு என்று மட்டும் கருதுவது முறையன்று. தாய்மொழியில் அவ்விடத்தில் எல்லை ஏற்கெனவே குறிக்கப்பட்டிருப்பதால், புள்ளியின் தேவை அவருக்குத் தோன்றுவதில்லை.

ஆர். எல். டிராஸ்க் 1997இல் வெளியிட்ட நிறுத்தக்குறிக் கையேட்டில் காற்புள்ளியின் பணிகளைப் பட்டியலிடல், இணைத்தல், இடைவெளி காட்டல், அடைத்தல் என நான்காகச் சுருக்கினார். முன்வரும் நிபந்தனையின் காற்புள்ளி இவற்றுள் அடைத்தலைச் சாரும். அடைக்கும் காற்புள்ளி இரண்டாக வரவேண்டியது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒன்று மறைந்துவிடுவதால் மற்றொன்று மட்டும் எஞ்சுகிறது. இவ்விளக்கமும் மேற்கூறிய எல்லை விளக்கமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

விலக்குப்போல் தோன்றுவன

எல்லையைக் காட்டுவதே காற்புள்ளியின் பணி என்று கொண்டால், தனித்தனியே மனப்பாடம் செய்யப்படும் சில விலக்குகள் விலக்குகளாகவே இருப்பதில்லை. ‘ஒன்லி இஃப்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் காற்புள்ளி வருவதில்லை. ‘ஒன்லி இஃப் தி ரீடிங் இஸ் கன்ஃபர்ம்டு கேன் தி டேட் பி அக்செப்டட்’ என்பதில் ‘கேன்’ என்னும் துணைவினை எழுவாய்க்கு முன் நகர்ந்து, முதன்மைத் தொடர் இங்கே தொடங்குகிறது என்று தானே அறிவிக்கிறது. ‘ஹேட் ஹி சீன் தி காப்பர் பிளேட், ஹி வுட் ஹேவ் சேஞ்ச்டு தி டேட்’ என்பதிலும் துணைவினை முன் நகர்ந்துள்ளது. ஆனால் அது நிபந்தனையின் தொடக்கத்தில் நகர்ந்துள்ளது. முடிவு குறிக்கப்படவில்லை, ஆகவே காற்புள்ளி வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் மிகுதியாக வருவது ‘தட் இஃப்’ என்னும் சேர்க்கை. ‘தி எடிட்டர் ஆர்கியூஸ் தட் இஃப் தி வேரியன்ட் இஸ் அக்செப்டட், தி மீட்டர் இஸ் பிரோக்கன்’ என்பதில் ‘தட்’ என்பதன்பின் காற்புள்ளி இடுவதா என்னும் ஐயம் பலர்க்கும் எழுகிறது. பழைய ஆங்கில நூல்களில் அவ்விடத்திலும் புள்ளி உண்டு. இரண்டு இணைப்புச் சொற்கள் அடுத்தடுத்து வருமிடத்தில் அவற்றைப் பிரிக்கவேண்டியதில்லை என்பதே இன்றைய பொது வழக்கு. தொடக்கத்தை ‘இஃப்’ காட்டிவிட்டது. முடிவில் மட்டும் ஒரு புள்ளி போதும்.

‘இஃப்’ எப்போதும் நிபந்தனையாகவும் இருப்பதில்லை. ‘ஹி ஆஸ்க்டு இஃப் தி லீவ்ஸ் வேர் நம்பர்டு’ என்பதில் அது ஏடுகள் எண்ணிடப்பட்டனவா என்னும் வினாவைத் தாங்கிச் செயப்படுபொருளாக நிற்கிறது. அதன்முன் காற்புள்ளி இடுவது எந்நிலையிலும் பிழை. ‘எ யூஸ்ஃபுல், இஃப் இன்கம்ப்ளீட், எடிஷன்’ என்று மதிப்புரைகளில் வருவது ‘முழுமையற்றதாயினும் பயனுள்ள பதிப்பு’ என்னும் பொருளது. இங்கே அடைக்கும் புள்ளிகள் இரண்டும் வெளிப்படையாக நிற்கின்றன. ஒன்றை இட்டு மற்றொன்றை விடுவது தமிழியல் ஆங்கிலச் சுருக்கங்களில் காணக்கிடைக்கும் பிழை.

பின்வரும் நிபந்தனையின் ஆட்சி

பின்வரும் நிபந்தனைக்கு எல்லை காட்டக் காற்புள்ளி தேவையில்லை என்றால், அங்கே ஒருவர் காற்புள்ளி இட்டிருப்பின் படிப்பவர் அதற்கு வேறொரு பொருள் தேடுவார். அப்பொருள் ‘விலகி நிற்றல்’ என்பதாகும். ‘தி லைப்ரரி இஸ் அப்ஸ்டெயர்ஸ், இஃப் யூ நீட் எ புக்’ என்பதில் நூல் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் நூலகம் மாடியில்தான் இருக்கிறது. நிபந்தனை செய்தியின் உண்மையைக் கட்டுப்படுத்தவில்லை. அதைச் சொல்வதற்கான காரணத்தையே தருகிறது. இத்தகைய ‘இஃப்’ தொடர்களை ஜே. எல். ஆஸ்டின் 1956ஆம் ஆண்டு ‘இஃப்ஸ் அண்டு கேன்ஸ்’ என்னும் சொற்பொழிவில் ஆராய்ந்தார். காற்புள்ளி இங்கு அவ்விலகலைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

இரண்டு செய்திகள் இணைந்து நின்று, அவற்றின்பின் ஒரு நிபந்தனை வரும்போது சிக்கல் கூடுகிறது. அந்நிபந்தனை அண்மையில் உள்ளதை மட்டும் ஆள்கிறதா, இரண்டையும் ஆள்கிறதா? கனடா நாட்டில் ரோஜர்ஸ் என்னும் நிறுவனத்திற்கும் அலையன்ட் என்னும் தொலைபேசி நிறுவனத்திற்கும் இடையே எழுந்த வழக்கு இவ்வினாவையே மையமாகக் கொண்டது. கம்பங்களில் வடம் கட்டிக்கொள்ள ரோஜர்ஸ் நிறுவனம் 2002இல் ஒப்பந்தம் செய்திருந்தது. ஒப்பந்தத்தின் கால அளவைக் கூறும் வாக்கியம் ஆங்கில வரிசையில் மூன்று உறுப்புகளைக் கொண்டது. கையெழுத்தான நாள் முதல் ஐந்தாண்டுக் காலம் நடப்பில் இருக்கும் என்பது முதல் உறுப்பு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும் என்பது இரண்டாவது. இருவருள் ஒருவர் ஓராண்டு முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து முடித்தாலன்றி என்பது மூன்றாவது. இம்மூன்றாம் உறுப்பு ‘அன்லெஸ்’ என்னும் சொல்லால் தொடங்கியது. அதன்முன் ஒரு காற்புள்ளி இருந்தது.

முதல் ஐந்தாண்டு முடிவதற்கு முன்னரே அலையன்ட் ஒப்பந்தத்தை முடிக்க முற்பட்டது. ஐந்தாண்டு வரை முடிக்க இயலாது என்றது ரோஜர்ஸ். கனடாவின் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் 2006 ஜூலையில் அலையன்ட் பக்கம் தீர்ப்பளித்தது. ‘அன்லெஸ்’ தொடருக்கு முன் காற்புள்ளி இருப்பதால் அத்தொடர் அண்மை உறுப்பிலிருந்து விலகி முன்னுள்ள இரண்டையும் ஆள்கிறது. எனவே முதல் ஐந்தாண்டுக்குள்ளும் ஓராண்டு முன்னறிவிப்புடன் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்பது ஆணையம் கண்ட பொருள். பத்து இலட்சம் டாலர் காற்புள்ளி என்று செய்தியாளர்கள் இதற்குப் பெயரிட்டனர்.

ஆணையம் இலக்கணத்தைத் தவறாகப் படித்தது என்று எளிதில் சொல்வதற்கில்லை. இரண்டாம் உறுப்பின் முன்னும் ஒரு காற்புள்ளி இருந்தது. அவ்விரண்டையும் அடைக்கும் புள்ளிகளாகக் கொண்டு இடைப்பட்ட உறுப்பை நீக்கிப் படித்தால், ‘அன்லெஸ்’ தொடர் முதல் ஐந்தாண்டோடு நேரே சேர்கிறது. எனினும் ஓராண்டு முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமாயினும் முடித்துக்கொள்ளலாம் என்றால், ‘ஐந்தாண்டு’ என்று எழுதியதற்குப் பொருளே இல்லாமற் போகிறது. புள்ளி ஒன்றைக் கூற, ஒப்பந்தத்தின் நோக்கம் வேறொன்றைக் கூறியது. 2007 ஆகஸ்டில் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. மாற்றத்திற்குக் காரணம் காற்புள்ளியைப் பற்றிய புதிய இலக்கண விளக்கமன்று. அவ்வொப்பந்தத்திற்கு அடிப்படையாக இருந்த, ஆணையம் முன்னர் ஏற்பளித்த மாதிரி ஒப்பந்தத்திற்குப் பிரெஞ்சு வடிவமும் இருந்தது. அவ்வடிவம் இருபொருளுக்கு இடமின்றி ரோஜர்ஸ் கூறிய பொருளையே தந்தது. ஆங்கிலப் புள்ளியால் தீர்க்க இயலாததை வேற்றுமொழி வடிவம் தீர்த்தது.

தமிழாக்கத்தில் இதே வாக்கியம்

இவ்வாக்கியத்தைத் தமிழாக்கம் செய்ய முற்படுவோர் இருபொருளையும் ஒருங்கே காத்துக்கொண்டு எழுத இயலாது. நிபந்தனை எச்சம் தான் தழுவும் வினைக்கு முன் வரவேண்டியதாதலின் அதன் இடம் பொருளை உறுதி செய்துவிடும். ‘ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்கப்பட்டாலன்றி இவ்வொப்பந்தம் முதலில் ஐந்தாண்டுகளும் அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகவும் நடப்பில் இருக்கும்’ என்பது ஆணையம் முதலில் கண்ட பொருள். ‘இவ்வொப்பந்தம் ஐந்தாண்டுகள் நடப்பில் இருக்கும், அதன்பின் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்கப்பட்டாலன்றி ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும்’ என்பது ரோஜர்ஸ் கூறிய பொருள். மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்ந்ததும் அவர் ஒருவகையில் தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்.

இதனால் தமிழ் இவ்வகைச் சிக்கலுக்கு அப்பாற்பட்டது என்றாகாது. தமிழ் நிபந்தனைக்கு இடப்பக்க எல்லை குறிக்கப்படுவதில்லை என்பது போலவே, அது எவ்வளவு தொலைவில் உள்ள வினையைத் தழுவும் என்பதும் குறிக்கப்படுவதில்லை. ‘அனுமதி கிடைத்தால் பணி தொடங்கும் என்று தலைவர் அறிவிப்பார்’ என்னும் வாக்கியத்திற்கு இரு பொருள் உண்டு. அனுமதி கிடைத்த பிறகே தலைவர் அறிவிப்பார் என்பது ஒன்று. அனுமதி கிடைத்தால்தான் பணி தொடங்கும் என்னும் செய்தியைத் தலைவர் இப்போதே அறிவிப்பார் என்பது மற்றொன்று. ‘கிடைத்தால்’ என்பதன்பின் காற்புள்ளி இட்டால் படிப்பவர் முதற்பொருளின் பக்கம் சாய்வார். எல்லையை ‘ஆல்’ முன்னரே காட்டிவிட்டதால், மிகையாக வந்த புள்ளி நிபந்தனை தொலைவிலுள்ள வினையைத் தழுவுகிறது என்பதைக் குறிக்கும் வேலையை ஏற்கிறது. ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’ முன் வந்த காற்புள்ளி செய்ததும் இதுவே. சுவடிகளைப் படித்த உரையாசிரியர்கள் இவ்வகை இடங்களில் எச்சம் எம்முடிபு கொண்டது என்று உரையில் எழுதிக் காட்டினர். புள்ளி இல்லாத எழுத்தில் அவ்வுரைக்குறிப்பே புள்ளியின் வேலையைச் செய்தது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு இங்கு நினைக்கத்தக்கது. மாநிலச் சட்டமன்றம் ஆங்கிலமல்லாத மொழியில் சட்டம் இயற்ற வகைசெய்திருப்பினும், ஆளுநரின் அதிகாரத்தின்பேரில் அரசிதழில் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமான உரையாகக் கொள்ளப்படும் என்று அது கூறுகிறது. தமிழில் தன் இடத்தாலேயே தெளிவுபெற்றிருந்த நிபந்தனை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் இறுதிக்கு நகர்ந்தால், அதன் ஆட்சியைக் காக்கும் பொறுப்பு ஒரு காற்புள்ளியின்மேல் விழுகிறது. கனடா வழக்கை நோக்க, அப்பொறுப்பை அதனிடம் விடுவது தக்கதன்று.

ஆய்வுச் சுருக்கத்திற்கும் இதுவே பொருந்தும். கல்வெட்டாய்வு ஒன்றின் முடிவாக ‘தி இன்ஸ்கிரிப்ஷன் இஸ் ஏர்லி அண்டு இட்ஸ் லாஸ்ட் லைன் இஸ் எ லேட்டர் அடிஷன், இஃப் தி ரீடிங் இஸ் கரெக்ட்’ என்று எழுதப்பட்டிருப்பின், கல்வெட்டின் பழமையும் இறுதி வரி பிற்சேர்க்கை என்பதும் ஆகிய இரண்டும் வாசிப்பின் சரிமைக்கு உட்பட்டன என்று படிப்பவர் கொள்வார். காற்புள்ளியை எடுத்துவிட்டால் இறுதி வரி மட்டும் அந்நிபந்தனைக்கு உட்பட்டது என்று பலர் கொள்வர். எல்லோரும் கொள்வர் என்பதற்கு உறுதியில்லை. கல்வெட்டின் பழமையில் ஆய்வாளருக்கு ஐயமில்லையெனில், முதற்செய்தியை அரைப்புள்ளியால் முடித்துவிட்டு, ‘இஃப் தி ரீடிங் இஸ் கரெக்ட்’ என்பதை இரண்டாவதன் தலைப்பில் வைத்து, அதன்பின் காற்புள்ளி இட்டு எழுதலாம். இரண்டும் ஐயத்திற்குரியன எனில், அந்நிபந்தனையை வாக்கியம் முழுவதற்கும் முன்னே வைத்து, ‘போத்’ என்னும் சொல்லால் இரண்டையும் சேர்த்துக் கட்டலாம்.